பிடியில் பிறந்த துல்லியம்

இயந்திரத் தொழிலின் வரலாற்றை எழுதியவர்களில் பலர் வெட்டுகிற பக்கத்தில் நின்றே எழுதியிருக்கிறார்கள். ஹென்றி மாட்ஸ்லேயின் திருகுவெட்டும் லேத், ஜோசப் விட்வொர்த்தின் தட்டைப் பரப்புகள், அமெரிக்கர்களின் மில்லிங் இயந்திரம், கார்பைடு முனை, 1952-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயக்கிக் காட்டப்பட்ட எண்வழிக் கட்டுப்பாடு என்று அந்தக் கதை வரிசையாக நடக்கும். வெட்டு வாங்கிய இரும்பை அசையாமல் பிடித்து நின்ற ஜிக், ஃபிக்சர், வைஸ், அடித்தட்டு ஆகியவற்றுக்கு அதில் ஓரிரு வரி கிடைத்தால் பெரிது. இந்தப் புறக்கணிப்புக்குக் காரணம் எளிது. ஒரு நல்ல லேத் மூன்று தலைமுறைக்கு உழைக்கும். எத்தனையோ விதமான உறுப்புகளைக் கடைந்து தரும். ஃபிக்சர் பெரும்பாலும் ஓர் உறுப்புக்காக, அதிலும் ஒரு வெட்டுக்காகச் செய்யப்படுவது. உறுப்பின் வடிவம் மாறிய மறுநாள் அது பழைய இரும்பு. லேத் அருங்காட்சியகத்துக்குப் போனது. ஃபிக்சர் உலைக்குப் போனது. எஞ்சிய பொருளை வைத்து வரலாறு எழுதியதால் எஞ்சாத பொருளின் பங்கு கணக்கில் ஏறவில்லை. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் பூட்டத்தக்க உறுப்புகளை ஆயிரக்கணக்கில் செய்யும் வித்தை உலகுக்குக் கைவந்ததில், வெட்டும் முனையைவிடப் பிடிக்கும் முறைக்கே பெரிய பங்கு என்பது என் கட்சி. 1800-க்கும் 1855-க்கும் இடைப்பட்ட சான்றுகள் அதைத்தான் சொல்கின்றன.

பிடிப்பது என்பதற்குள் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. வெட்டப்படும் பொருளான ஜாப் இன்ன இடத்தில்தான் இருக்கிறது என்று உறுதிப்படுத்துவது ஒன்று. வெட்டு விசைக்கு அது நகராதபடி இறுக்குவது மற்றொன்று. எந்தத் திடப்பொருளும் மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளைச் சுற்றித் திரும்பலாம். இந்த ஆறு அசைவுகளையும் நிறுத்த ஆறு தொடுபுள்ளிகள் போதும்: அடியில் மூன்று, பக்கத்தில் இரண்டு, முனையில் ஒன்று. அடியில் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தால் பலம் கூடுவதுபோலத் தோன்றும். உண்மையில் நிச்சயம் குறைகிறது. முக்காலி மேடுபள்ளத் தரையிலும் ஆடாது, நாற்காலி ஆடும். நான்கில் எந்த மூன்றின்மேல் ஜாப் உட்காருகிறது என்பது ஒவ்வொரு தடவையும் மாறலாம். அடுத்து, எதைத் தொட்டு உட்காருகிறது என்பது. ஓர் உறுப்பில் ஐந்து வெட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வெட்டுக்கும் அதற்கு முந்தைய வெட்டில் கிடைத்த பரப்பையே தொட்டு உட்கார வைத்து, ஒவ்வொரு தடவையும் 0.02 மில்லிமீட்டர் பிசகினால், ஐந்தாவது வெட்டு முதலில் தொட்ட பரப்பிலிருந்து 0.10 மில்லிமீட்டர் வரை விலகிப் போகலாம். ஐந்துக்கும் முதல் பரப்பையே தொட்டு உட்கார வைத்தால், எந்த வெட்டும் அதிலிருந்து 0.02-க்கு மேல் விலகாது. எந்த இரண்டு வெட்டுகளுக்கும் இடையிலும் பிழை 0.04-ஐத் தாண்டாது. இயந்திரம் அதே இயந்திரம், முனை அதே முனை, ஆளும் அதே ஆள். கணக்கு மாறியது பிடித்த முறையால் மட்டுமே.

இந்தக் கணக்கை முதலில் பெரிய அளவில் செயலுக்குக் கொண்டுவந்தது இரும்பு வேலையில் அல்ல, மர வேலையில். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்தில் 1802-க்குப் பிறகு மார்க் இசம்பார்ட் புரூனல் வடிவமைக்க, மாட்ஸ்லே செய்து கொடுக்க, சாமுவேல் பெந்தாமின் மேற்பார்வையில் நிறுவப்பட்ட கப்பல் கப்பி ஆலை அது. 1808-இல் ஓராண்டில் சுமார் 1,30,000 கப்பிகள் அங்கே செய்யப்பட்டன. பல நூல்கள் இந்த எண்ணிக்கையையும், நூற்றுப்பத்துப் பேர் செய்த வேலையைப் பத்துப் பேர் செய்ததையும் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. நான் நின்று பார்ப்பது துளையிடும் இயந்திரத்தின் இறுக்கியை. எல்ம் மரக்கட்டை முதலில் அங்கேதான் வரும். இறுக்கும்போதே அந்த இறுக்கி கட்டையில் அழுத்தத் தடங்களைப் பதித்துவிடும். அதன்பின் துளையை நீட்டிக் குடையும் இயந்திரம், மூலை அறுக்கும் ரம்பம், புறவடிவம் சீவும் இயந்திரம் என்று கட்டை எங்கே போனாலும் அந்தத் தடங்களைப் பிடித்தே உட்கார்ந்தது. புறவடிவம் சீவும் இயந்திரத்தில் பத்துக் கட்டைகள் ஒரு பெரிய சக்கரத்தின் விளிம்பில் வரிசையாகப் பூட்டப்பட்டுச் சுழலும்; ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து நேர்ப்படுத்தும் வேலை அங்கே இல்லை. முதல் பிடியில் விழுந்த தடம் கடைசி வெட்டுவரை கூடவே போனது.

இரும்பில் இது எளிதாக வரவில்லை. 1785-இல் பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன், ஒனோரே பிளாங்க் என்ற துப்பாக்கிக் கைவினைஞரின் பட்டறைக்குப் போய், பிரித்து வைத்திருந்த ஐம்பது துப்பாக்கிப் பூட்டுகளின் உறுப்புகளிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டிப் பார்த்து வியந்தார். பிளாங்கின் உறுப்புகள் அரத்தால் சீவப்பட்டவை. ஆனால் அந்த அரம் தன் போக்கில் ஓடவில்லை. கடினமாக்கிய எஃகு ஜிக்குக்குள் உறுப்பை வைத்துச் சீவினால், மிகுந்த உலோகம் போனதும் அரம் எஃகின்மேல் வழுக்கும், அதற்குமேல் வெட்டாது. அமெரிக்காவில் எலி விட்னி 1798-இல் 10,000 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் பெற்று, 1801-இல் ஆட்சியாளர்கள் முன் உறுப்புகளை மாற்றிப் பூட்டிக் காட்டினார். அந்தக் காட்சி பள்ளிப்பாடம்வரை போய்விட்டது. ராபர்ட் உட்பரி 1960-இல் விட்னியின் துப்பாக்கிகளைப் பற்றி எழுதியபோது, அவற்றின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்கவை அல்ல, சிலவற்றில் இது இன்ன துப்பாக்கிக்கு உரியது என்ற தனி அடையாளமே பொறிக்கப்பட்டிருந்தது என்று காட்டினார். இயந்திரம் இருந்தாலே உறுப்புகள் ஒத்துப்போய்விடும் என்ற நம்பிக்கைக்கு அதுவே போதுமான மறுப்பு.

இந்த வரலாற்றின் நடு ஆள் என்று நான் கருதுவது ஜான் ஹால் என்பவரை. மெயின் மாநிலத்துப் போர்ட்லேண்டைச் சேர்ந்தவர். பின்பக்கமாகக் குண்டு நிரப்பும் துப்பாக்கிக்கு 1811-இல் காப்புரிமை பெற்றவர். 1819-இல் அமெரிக்கப் போர்த்துறை 1,000 துப்பாக்கிகள் செய்ய அவரை வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் பெர்ரிக்கு அனுப்பியது. ஆயிரத்தை முடிக்க ஐந்தாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்தக் காலத்தின் பெரும்பகுதி கருவிகள் செய்வதிலேயே போனது. செலவைப் பார்த்து வாஷிங்டனில் முணுமுணுப்பு எழுந்தது. ஹார்ப்பர்ஸ் பெர்ரி படைக்கலச் சாலையின் மேலாளரோ ஹாலைத் தொடக்கத்திலிருந்தே விரும்பவில்லை. ஹாலுக்கு ஏன் அவ்வளவு காலம் பிடித்தது என்பதற்கு அவருடைய கடிதங்களிலேயே விடை இருக்கிறது. ஓர் உறுப்பு ஓர் இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது வேறு வேறு இடத்தைத் தொட்டு உட்கார்ந்தால் ஒரு வெட்டின் பிழை அடுத்த வெட்டுக்குப் போய்ச் சேர்ந்து பெருகுகிறது என்பதை அவர் கண்டுகொண்டார். ஆகவே ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் ஆதாரப் புள்ளியை முடிவுசெய்து, அந்த உறுப்பு ஏறும் ஒவ்வொரு ஃபிக்சரையும் அந்தப் புள்ளியிலிருந்தே தொடங்கும்படி அமைத்தார். அதோடு இயந்திரங்களின் சட்டத்தைக் கனத்த வார்ப்பிரும்பில் செய்தார். ஜாப் சரியாக உட்கார்ந்தும் மேடை அதிர்ந்தால் பயன் இல்லை.

1826-இன் கடைசியில் வந்த ஆய்வுக்குழு துப்பாக்கிகளைக் கழற்றி, உறுப்புகளைக் கலந்து, புதிய மரக்கட்டைகளில் மறுபடி பூட்டிப் பார்த்தது. எல்லாம் பொருந்தின. இப்படிப்பட்ட பொருத்தத்தை வேறெங்கும் கண்டதில்லை என்ற கருத்தோடு அவர்கள் அறிக்கை தந்தார்கள். அதைவிடக் கடினமான சோதனை 1834-இல் வந்தது. கனெக்டிகட் மாநிலத்து மிடில்டவுனில் சிமியன் நார்த் தன் ஆலையில் செய்த ஹால் துப்பாக்கிகளின் உறுப்புகள், ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஹார்ப்பர்ஸ் பெர்ரியில் செய்த துப்பாக்கிகளில் பொருந்தின. இரண்டு ஊர், இரண்டு தொழிலாளர் கூட்டம், வேறு வேறு இயந்திரங்கள். இயந்திரத்தின் தரம்தான் காரணம் என்றால் இந்தப் பொருத்தம் வந்திருக்கக் கூடாது. இரண்டு இடத்துக்கும் பொதுவாக இருந்தவை ஒரே அளவுகளுக்குச் செய்த கேஜ்களும், ஆதாரப் புள்ளியை மாற்றாத வேலைமுறையும்தான். பெருமை முழுவதும் கேஜ்களையே சேரும் என்று சிலர் சொல்லக்கூடும். ஹாலிடம் அறுபதுக்கும் மேற்பட்ட கேஜ்கள் இருந்தன. தொழிலாளிக்கு ஒரு தொகுதி, சோதனையாளருக்கு ஒரு தொகுதி, இவ்விரண்டையும் ஒத்துப்பார்க்க மூலத்தொகுதி ஒன்று. அவற்றின் அருமையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. என்றாலும் கேஜ் செய்கிற வேலை தீர்ப்புச் சொல்வது. செய்து முடித்த உறுப்பு சரியா தவறா என்று அது சொல்லும்; தவறானதைச் சரியாகப் பிறக்கவைக்க அதனால் ஆகாது. கேஜ் மட்டும் கையிலிருந்தால் மீதி வேலை அரத்துக்கே போகும், பிளாங்கின் பட்டறையில் போனதுபோல. ஹாலின் இயந்திரங்களில் ஒரு சிறுவன் அரம் பிடித்த பத்து ஆட்களைவிட அதிகமாகவும் சரியாகவும் செய்தான் என்று பதிவாகியிருப்பது கேஜால் விளைந்த மாற்றம் அல்ல. ஜாபை எப்படி வைத்தாலும் அது ஒரே இடத்தில்தான் உட்காரும் என்ற நிலை வந்ததால்தான், அனுபவமில்லாத கை அங்கே போதுமானதாயிற்று.

இதற்கு எதிராக வலுவான ஒரு வாதம் இருக்கிறது. ஃபிக்சரின் ஆதாரப் பரப்பு தட்டையாக இருந்தால்தானே அதன்மேல் உட்காரும் ஜாப் நேராக இருக்கும்? அந்தத் தட்டையை யார் தந்தது? விட்வொர்த் 1840-இல் கிளாஸ்கோவில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் முன் விளக்கிய முறைதான் தந்தது. மூன்று தகடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சாயம் தடவித் தேய்த்து, மேடு தெரிந்த இடத்தைச் சுரண்டிக்கொண்டே போவது. இரண்டு தகடுகள் மட்டும் என்றால் ஒன்று குழிந்து மற்றது குவிந்து, இரண்டும் பொருந்திவிடும். மூன்றும் எந்த வரிசையில் சேர்த்தாலும் பொருந்த வேண்டுமானால் மூன்றும் தட்டையாக இருந்தே ஆக வேண்டும். ஆகவே தட்டைப் பரப்பு முதல், பிடிமானம் பிறகு என்பது அந்த வாதம். பிற்கால ஃபிக்சர் தகடுகளின் துல்லியம் இந்த வழியில் வந்ததுதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் காலவரிசை இந்த வாதத்துக்கு இடம் தரவில்லை. ஹாலின் உறுப்புகள் பொருந்தியது விட்வொர்த் கிளாஸ்கோவில் பேசுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு. விட்வொர்த்தின் நாட்டில் உலகின் மிகச்சிறந்த தட்டைப் பரப்புகளும் திருகுகளும் இருந்தும், 1850-களின் தொடக்கம்வரை துப்பாக்கிகள் பெரும்பாலும் கையாலேயே பொருத்தப்பட்டன. 1851 லண்டன் கண்காட்சியில் வெர்மான்ட் மாநிலத்து வின்ட்சரிலிருந்து ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஆறு துப்பாக்கிகளின் உறுப்புகள் மாறிப் பொருந்துவதைப் பார்த்து பிரிட்டிஷ் அரசு அமெரிக்காவுக்கு ஆட்களை அனுப்பியது. 1854-இல் ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலைக்கு வந்த ஜான் ஆண்டர்சனின் குழு, 1844 முதல் 1853 வரை ஆண்டுக்கு ஒன்றாகப் பத்துத் துப்பாக்கிகளைத் தேர்ந்து, பிரித்துக் கலக்கி, ஒரு தொழிலாளியைத் திருப்புளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பூட்டச் சொன்னது. பத்தும் பொருந்தின. இங்கிலாந்தின் என்ஃபீல்டு துப்பாக்கி ஆலைக்காக அவர்கள் இயந்திரங்களோடு ஜிக், ஃபிக்சர், கேஜ்களையும் சேர்த்தே வாங்கினார்கள். ஹார்ப்பர்ஸ் பெர்ரியில் வேலை பார்த்த ஜேம்ஸ் பர்ட்டனை அழைத்துத் தலைமைப் பொறியாளராக வைத்துக்கொண்டார்கள். தட்டைப் பரப்பு அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதன்மேல் எதை, எப்படி, எந்த ஒழுங்கில் உட்காரவைப்பது என்ற அறிவே கடல் கடந்து வர வேண்டியிருந்தது.

இன்னொரு மறுப்பு தொழிலாளியின் பக்கத்திலிருந்து வருகிறது. அதை நான் அதிகம் மதிக்கிறேன். ராபர்ட் கார்டன் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் பழைய துப்பாக்கிப் பூட்டுகளின் உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்த்து, ஸ்பிரிங்ஃபீல்டிலும்கூடக் கடைசி அளவுக்குக் கொண்டுவந்தது அரம்தான் என்று காட்டினார். இயந்திரம் ஓரளவு நெருங்கிவந்து விட்டுவிட, மீதியை ஃபிட்டரின் கை முடித்தது. ஒருபோல உறுப்புகள் செய்ததன் பெருமை இயந்திரம் வடித்த மேதைகளுக்கு மட்டும் போனது அநியாயம் என்று அவர் உணர்த்துவதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அரம் எதைத் திருத்தியது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மில்லிங் முனை தடதடத்தபோது ஜாப் சற்றே விலகியது. இறுக்கத்தில் மெல்லிய உறுப்பு வளைந்தது. ஃபிக்சரின் தொடுபுள்ளி ஆயிரம் ஜாப் ஏறி இறங்கித் தேய்ந்தது. பிடிமானம் விட்டுவைத்த குறையில் பெரும்பகுதியை அரம் நிரப்பியது. பிடிமானம் திருந்தத் திருந்த அரத்துக்கு மிஞ்சியது குறைந்தது. அடுத்த தலைமுறைகளில் பிசிர் எடுப்பதே அதன் வேலையாகிப்போனது. கைத்திறன் அதனால் அழிந்துபோகவில்லை. உற்பத்திக்கூடத்திலிருந்து கருவியறைக்குக் குடிபெயர்ந்தது.

கருவியறையில் அந்தத் திறன் இன்னும் கூர்மையாக வேண்டியிருந்தது. ஆயிரம் உறுப்புகளில் ஒன்று பிசகினால் ஒன்றோடு போயிற்று. ஃபிக்சர் பிசகினால் ஆயிரமும் ஒரே மாதிரி பிசகும். அதனால் உறுப்புக்குத் தரப்பட்ட டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்குக்குள் ஃபிக்சர் இருக்க வேண்டும் என்ற நடைமுறை நிலைத்தது. துளைகளை இடம் பிசகாமல் போட, கடினமாக்கிய சிறு உருளைகளைத் தகட்டில் திருகால் தளர்வாகப் பூட்டி, மைக்ரோமீட்டரால் அளந்து மெல்லத் தட்டித் தட்டி நகர்த்தி, சரியான இடத்தில் இறுக்கி, அந்த உருளையை மையமாகக் கொண்டு லேத்தில் துளைப்பார்கள். ஜிக் போரிங் இயந்திரங்கள் வரும்வரை இதுவே வழி. அந்த அளவைக்கு அடிப்படையான கேஜ் கட்டைகளைத் தந்தவரும் துப்பாக்கி ஆலைக்காரர்தான். சுவீடனின் எஸ்கில்ஸ்துனாவில் அரசுத் துப்பாக்கி ஆலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன் 1896 வாக்கில் வகுத்த தொகுதியில் 102 கட்டைகள். அவற்றைச் சேர்த்து அடுக்கி நூறில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் 20,000 அளவுகளை எழுப்பலாம். இந்தப் பரம்பரை மோட்டார் தொழிலுக்குப் போன வழியும் தெளிவாகத் தெரிகிறது. ஸ்பிரிங்ஃபீல்டிலும் கோல்ட் ஆலையிலும் பிறகு பிரவுன் அண்ட் ஷார்ப்பிலும் பழகிய ஹென்றி லீலண்டின் காடிலாக் கார்கள் மூன்றை, 1908-இல் லண்டனுக்கு அருகே புரூக்லண்ட்ஸில் முழுக்கப் பிரித்து, உறுப்புகளைக் கலந்து, மறுபடி பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். 1854-இல் ஆண்டர்சன் துப்பாக்கிக்கு வைத்த அதே சோதனை.

வைஸின் கதை இதிலிருந்து சற்று விலகியது. ஃபிக்சர் ஓர் உறுப்புக்கானது. வைஸ் எதையும் பிடிக்க வேண்டும். அந்தப் பொதுத்தன்மைக்குக் கொடுத்த விலை துல்லியம். திருகின் விசை தாடைகளுக்குக் கீழே இருக்கிறது, ஜாபின் எதிர்விசை மேலே இருக்கிறது. இறுக்கும்போது நகரும் தாடை சற்றே அண்ணாந்து ஜாபையும் கூடவே தூக்கிவிடும். அடியில் வைத்த பேரலல் கட்டை தளர்ந்து ஆடும். மென்சுத்தியலால் தட்டி உட்கார வைப்பதும், நகரும் தாடைக்கும் ஜாபுக்கும் நடுவே ஓர் உருண்டைக் கம்பியை வைத்து விசையை ஒரே கோட்டில் விழச்செய்வதும் தொழிலாளிகள் தாங்களே கண்ட மருந்துகள். கம்பி வைப்பது ஆறுபுள்ளி விதியின் நேர்ப் பயன்பாடு: நிலைத்தாடைதான் ஆதாரம், நகரும் தாடைக்கு இறுக்கும் வேலை மட்டும். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மினியாபோலிஸ் நகரத்து கர்ட் நிறுவனம் பரப்பிய வடிவத்தில், திருகுமரையும் நகரும் தாடையும் ஒரு சாய்பரப்பில் சந்திக்கின்றன. முன்னே தள்ளும் விசையில் ஒரு பகுதி தாடையைக் கீழே இழுக்கிறது. வைஸின் துல்லியம் பற்றிய விளம்பரங்கள் தளத்தின் தட்டையையும் தாடையின் நேரையும் மைக்ரானில் சொல்கின்றன. இறுக்கியபின் அவை என்ன ஆகின்றன என்பதே வேலைக்கு வேண்டிய அளவு; அதை ஜாபின் முகத்தில் டயல் கேஜ் வைத்துக்கொண்டு இறுக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

ஃபிக்சர் தகட்டின் பொருளும் இதில் சேரும். அலுமினியத் தகட்டை இன்று பலரும் விரும்புவது அதன் எடைக்காகவும் எளிதில் வெட்டுப்படுவதற்காகவும். 500 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஐந்து டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 58 மைக்ரான் நீள்கிறது. எஃகு அதில் பாதி. துளைகளை ஐந்து மைக்ரானுக்குள் போட்டு வாங்கிய தகட்டை, காலையில் ஒரு வெப்பமும் மாலையில் ஒரு வெப்பமுமாக இருக்கும் கூடத்தில் வைத்தால் அந்த ஐந்துக்குப் பொருள் இல்லை. 1931-இல் உலக நாடுகள் அளவைக்கு 20 டிகிரி செல்சியஸ் என்று ஒப்புக்கொண்டது ஃபிக்சருக்கும் சேர்த்துத்தான்.

கடைசியாக, இன்றைய மறுப்பு. 1970-களின் தொடக்கத்தில் ரோல்ஸ்-ராய்ஸில் இருந்த டேவிட் மெக்மர்ட்ரி, கான்கார்டு விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினுக்கான எரிபொருள் குழாய்களை அளக்கத் தொட்டறியும் முனையைக் கண்டுபிடித்தார். அதன் வழிவந்த முனைகள் இன்று இயந்திரத்திலேயே பூட்டப்பட்டு, ஜாப் எங்கே எந்தச் சாய்வில் உட்கார்ந்திருக்கிறது என்று தொட்டுப் பார்த்து, ஆயங்களைத் தாமே திருத்திக்கொள்கின்றன. ஜாபைத் தோராயமாக வைத்தால் போதுமே, பிடிமானத்துக்குத் துல்லியம் எதற்கு என்று கேட்கிறார்கள். பிடித்தலின் இரண்டு வேலைகளில் முதலாவதை முனை பெருமளவு எடுத்துக்கொண்டது உண்மை. இரண்டாவதை அதனால் தொட முடியாது. மெல்லிய சுவருள்ள ஓர் அலுமினிய உறுப்பை வைஸில் இறுக்கினால் அது வளைகிறது. வளைந்த நிலையிலேயே முனை அதைத் தொடுகிறது, வெட்டும் அதே நிலையில் நேராக ஓடுகிறது, வெட்டியபின் தொட்டுப் பார்த்தாலும் நேர் என்றே காட்டுகிறது. தாடையைத் தளர்த்தியதும் உறுப்பு தன் வடிவத்துக்கு மீள, நேராக வெட்டிய முகம் கோணுகிறது. அதனால்தான் தேர்ந்த தொழிலாளி முரட்டு வெட்டை இறுக்கப் பிடித்து எடுத்துவிட்டு, தாடையைத் தளர்த்தி, உள்ளழுத்தம் கலைய விட்டு, மூன்று தொடுபுள்ளிகளின்மேல் ஜாபை மறுபடி உட்கார வைத்து, நகராத அளவுக்கு மட்டும் இறுக்கிக் கடைசி வெட்டை ஓட்டுகிறார்.